யமுனா இணைப்பில் இருக்கிறார்

2005 ஜூன் 12, ஞாயிறு

காற்று தொடங்கிவிட்டது. உடுமலையில் இந்த மாதங்களில் காற்றைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மாடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை எதிர்வீட்டுக் கேபிள் கம்பியிலிருந்து எடுத்து வந்தேன்.

கம்ப்யூட்டர் இன்றும் பாதியில் நின்றது. கல்லூரி நூலகத்துக்கு வாங்க வேண்டிய புத்தகங்களின் பதிப்பு விவரம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கம் மேலிருந்து பாதிவரை இறங்கி உறைந்துவிட்டது. அப்பா பின்னால் வந்து நின்று, சம்பத்தைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று கேட்டார். அக்கா போன பிறகு அவர் அந்த மேசைப் பக்கம் வருவதே அபூர்வம். வந்தாலும் நாற்காலியின் முதுகைத் தொடுவார், கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். யமுனா அக்கா வேலைக்குப் போன முதல் வருடம் வாங்கியது அது.

அம்மாவுக்கு மறுபடி அதே கனவு. அக்கா கேட்டுக்கு வெளியே செருப்போடு நிற்கிறாள். உள்ளே வா என்றால் வருவதில்லை. போகவும் இல்லை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா இதைச் சொன்னாள், காய் விலை சொல்கிற குரலில். "யாருக்கோ சொல்லாம உட்டுட்டோம். அதான் நிக்கறா."

ஜூன் 14, செவ்வாய்

சம்பத் வந்தார். கச்சேரி வீதியில் கடை வைத்திருக்கிறார். இந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி அக்காவுக்குப் பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். ஒரு பல்லி முட்டை வந்து விழுந்தது. பிறகு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோளாறு மெஷினில் இல்லை என்றார்.

அக்கா போட்டு வைத்திருப்பது ஒரு முழுத் தொகுப்பு. பக்கங்கள் பார்க்கும் பிரவுசர், மெயில், முகவரிப் புத்தகம், சாட், வலைப்பக்கம் தயாரிக்கும் கருவி எல்லாம் அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கின்றன. சம்பத் அதை 'ஃபுல் பேக்கேஜ்' என்கிறார். இப்போது பிரவுசரை மட்டும் தனியாகவும் தருகிறார்களாம். சின்னது, வேகமானது.

"இது கல்யாணப் பந்தி மாதிரிங்க. ரசஞ்சோறு போதும்னு நீங்க ஒக்காந்தாலும், எல விரிச்சா அத்தனையும் வெச்சுருவாங்க. புதுசு மெஸ் மாதிரி. கேட்டது மட்டுந்தான் வரும்."

எனக்கு ரசஞ்சோறு போதும், மற்றதை நான் தொடுவதே இல்லை என்றேன்.

"நீங்க தொட வேண்டாங்க. லைன் கெடச்சதும் அதுவா எல்லாம் எந்திரிச்சுக்கும். மெயிலு போய்ப் பாத்துட்டு வரும். சாட்டு உள்ள போய் ஒக்காந்துக்கும். மேடம் அப்புடி செட் பண்ணி வெச்சிருக்காங்க."

யார் பேரில் உள்ளே போகும் என்று கேட்டேன். அவர் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

"அவங்க பேர்லதானுங்க."

இந்த மெஷினுக்கு இரண்டையும் வைத்துக்கொள்ளத் தெம்பு இல்லையாம். தனிப் பிரவுசர் போட்டால் பேக்கேஜை எடுத்துவிடுவது நல்லது. எடுத்துவிட்டால் பிறகு அக்காவின் பேரில் உள்ளே போக முடியாது. கடவுச்சொல்லை அந்தப் பேக்கேஜ்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாது.

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இருப்பது அப்படியே இருக்கட்டும் என்றார். சம்பத் போன பிறகு என் பக்கம் வந்தார். "வேலைக்கு வேணும்ங்கறது உனக்கு. நீயே முடிவு பண்ணிக்க அம்மிணி."

ஜூன் 15, புதன்

சம்பத்துக்குப் போன் செய்து, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஜூன் 19, ஞாயிறு

நூலகத்தில் எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிப்பதுதான் என் தொழில். கடைசியாக எந்த வருடம் எடுத்துப் போனார்கள் என்று பார்ப்பேன். பத்து வருடம் யாரும் தொடாத புத்தகத்தைக் கழித்துக் கட்டுவேன். அதில் எனக்குத் தயக்கமே வந்ததில்லை. இதையும் அப்படிப் பார்க்க முயன்றேன்.

தனிப் பிரவுசர் சீக்கிரம் திறக்கும். ஒரே சன்னலில் பல பக்கங்களை அடுக்கி வைத்துக்கொள்ளலாம். டெலிபோன் பில் குறையும் என்று அப்பாவிடம் சொல்லலாம். முழுத் தொகுப்பில் அக்கா சேர்த்து வைத்த பக்கக் குறிகள் இருக்கின்றன: தையல் மாதிரிகள், வங்கித் தேர்வு, ஒரு ஊரின் வானிலை. மெயில் இருக்கிறது. அதை நான் பிரிப்பதில்லை. முகவரிப் புத்தகம் இருக்கிறது. அதை ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன்.

கார்த்திகையில், அக்கா காய்ச்சலில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்த மறுநாள். எங்கள் பக்கத்தில் எழவு சொல்ல ஆள்தான் போக வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாக ஆகாது. சொல்லாத வீட்டில் கேள்விப்பட்டாலும் வரமாட்டார்கள். அப்பா அந்த நிலையிலும் யார் யார் வீட்டுக்கு யார் போவது என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினார். ஒரு வீடு விடுபடவில்லை. அக்காவின் சிநேகிதர்கள் வீடு எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால் நான் உட்கார்ந்து, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோரையும் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்பினேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "இப்புடியா சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒரு வேலையை முழுதாக முடித்த நிம்மதி இருந்தது. எல்லாம் ஒரே தொகுப்புக்குள் இருப்பதால், எல்லோருக்கும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, வியாழன்

சாட் சன்னல் திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு திறக்கும். மேலே 'யமுனா', அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, இணைப்பில் இருக்கிறார் என்று. கீழே அக்கா சேர்த்து வைத்த பெயர்கள். பெரும்பாலும் சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு பெயர் மட்டும் மாலை ஆறு மணிக்குப் பச்சையாகும்: 'சீலன்_வால்பாறை'.

இன்றுதான் கவனித்தேன் என்று முதலில் எழுதி, அதை அடித்துவிட்டேன். தை மாதத்திலிருந்து பார்க்கிறேன்.

அவர் எதுவும் எழுதுவதில்லை. நான் இருக்கும் வரை இருப்பார். நான் இணைப்பைத் துண்டித்த பிறகு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 24, வெள்ளி

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகவரிப் புத்தகம் வேறு, சாட் பட்டியல் வேறு. ஒரே கூரை, ஆனால் ஒரு அறையில் இருப்பவர் இன்னொரு அறையில் இல்லை. சாட் பட்டியலில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் முகவரிப் புத்தகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்தி போனது, பதில்கள் வந்தன. சீலன்_வால்பாறை அதில் இல்லை.

அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பெயரின் மேல் அழுத்தினால் விவரம் வருகிறது. முழுப் பெயர் ஜெயசீலன். ஒரு தேயிலை எஸ்டேட்டின் அலுவலகம், ஒரு மெயில் முகவரி. எஸ்டேட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டு வரி அடித்தால் முடிந்துவிடும். அடிக்க உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் அது 'யமுனா' என்ற பெயரில்தான் போகும். 'யமுனா: யமுனா இறந்துவிட்டாள்.' விரல்களை எடுத்துவிட்டேன். அம்மா கூப்பிட்டாள், இட்லிக்கு அரைக்கப் போனேன்.

ஜூலை 3, ஞாயிறு

சம்பத் தனிப் பிரவுசரைப் பேக்கேஜுக்குப் பக்கத்திலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார். பழகிப் பாருங்க, எது வேணுமோ சொல்லுங்க, இன்னொண்ணைத் தூக்கிடறேன் என்றார். அதுவரை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க வேண்டும்.

காலையில் புதியதைத் திறந்து பார்த்தேன். உண்மையிலேயே வேகம். கேட்ட பக்கம் வந்தது, வேறு எதுவும் விழித்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு வார வேலை முடிந்தது.

மாலையில் பக்கக் குறிகளை ஒரு தாளில் எழுதி எடுக்க வேண்டியிருந்ததால் பழையதைத் திறந்தேன். மோடம் அதன் வழக்கப்படி கத்தியது. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா சமையலறையில் ஒரு நிமிஷம் கையை நிறுத்துவாள். நிறுத்தினாள்.

அவர் வந்திருந்தார்.

ஜூலை 6, புதன்

பக்கக் குறிகள் இன்னும் முடியவில்லை.

ஜூலை 10, ஞாயிறு

வீட்டில் சண்டை. அம்மா கனவை மறுபடி சொல்லி, யாருக்கோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று மறுபடி சொன்னாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். ஓய்வு பெறும்வரை வாய்க்காலில் தண்ணீர் எந்த மடைக்கு எப்போது போக வேண்டும் என்று பார்த்தவர். ஒரு மடை விட்டுப்போச்சு என்று அவரிடம் யாரும் சொல்லக்கூடாது.

"எந்த ஊட்ட உட்டேன், சொல்லு பாக்கலாம். பொள்ளாச்சி, தாராபுரம், மடத்துக்குளம், எதய உட்டேன்?"

"நீங்க உட்டீங்கன்னு சொன்னனா? அவ நிக்கறா. அதச் சொல்றேன்."

"கனாவுல நிக்கறவளுக்கு நான் என்ன பண்ண?"

நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்று அங்கே சொல்லியிருக்கலாம். அடுத்து, யார் அவன் என்ற கேள்வி வரும். அக்கா தன் பட்டியலில் தனி அறையில் வைத்திருந்த ஒருவரைக் கூடத்துக்கு இழுத்து வந்து நிறுத்த வேண்டும். அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

நான் படித்த பேய்க்கதைகளில் எல்லாம் பேயைப் பார்ப்பவர்தான் கதை சொல்கிறார். பேயாக இருப்பவருக்கும் மோர் ஊற்றும் வேலை, மறுநாள் காலை பஸ் பிடிக்கும் வேலை எல்லாம் இருக்கும் என்று யாரும் எழுதவில்லை.

ஜூலை 13, புதன்

நூலகத்தில் கணக்கெடுப்பு. இருந்து முடித்துவிட்டுப் போகலாமே என்று தலைமை நூலகர் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஜூலை 17, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. காற்றில் ஊருக்கு வெளியே காற்றாலைகள் சுற்றுகிற சத்தம் மாடிவரை கேட்கிறது. மூச்சு விடுவது போல, ஆனால் எண்ணி வைத்து விடுகிற மூச்சு.

அக்காவின் பக்கக் குறிகளில் இருந்த ஊரின் வானிலை எது என்று இன்று திறந்து பார்த்தேன். வால்பாறை. மழை. நாளையும் மழை.

தலை பின்னி, முகம் கழுவி உட்கார்ந்தேன். திரையில் யாருக்கும் முகம் தெரியாது என்று எனக்குத் தெரியும். வெளியே போய் வந்த தூசி, அதனால் கழுவினேன்.

ஜூலை 21, வியாழன்

அவர் எழுதிவிட்டார்.

ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரம். முதலில் ஒரு சத்தம், ஒரு சொட்டுத் தண்ணீர் பாத்திரத்தில் விழுவது போல. அந்தச் சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. பெரிய சன்னல் ஒன்று திறந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

"யமுனா, நீ பேசுறவரைக்கும் பேசக்கூடாதுன்னு சொன்ன. இதுவரைக்கும் பேசல. தினமும் வர்ற, அது போதும்னு இருந்தேன். வீட்டுல ஒரு எடம் பேசிருக்காங்க. ஞாயித்துக்கெழம பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லிரவா? ஒரே வார்த்த சொல்லு."

பிரவுசரில் ஒரு பதிப்பகத்தின் பக்கம் பாதியில் நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறார் என்பதைக் காட்டும் சின்னப் பென்சில் அவர் பக்கத்தில் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.

ஒரே ஒரு சொல் அடித்தேன். தமிழில் இரண்டே எழுத்து. அனுப்பிவிட்டு, டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

அவரிடம் சொல்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஜூலை 22, வெள்ளி

கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

அம்மா இன்று அவரைக்கொட்டை உரித்து வைத்தாள். அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்தார். ஆறு மணிக்கு மாடியில் இருந்தேன். வால்பாறையில் ஏதோ ஒரு வீட்டில் இந்நேரம் பதில் சொல்லியாகியிருக்கும். மலை இருக்கிற திசை தெரிகிறது. மலை தெரியவில்லை, மேகம்தான்.

ஜூலை 27, புதன்

மெயிலில் எழுதிவிடலாம் என்று புதிய பிரவுசரைத் திறந்தேன். என் பேரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். அதில் 'வணக்கம், நான் யமுனாவின் தங்கை நர்மதா' என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை. அப்பா அன்று சொன்னது சரி. இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 30, சனி

பொள்ளாச்சியில் பழைய புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொள்ளாச்சியில் இறங்கி வால்பாறை பஸ் ஏறினேன். ஆழியாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த அம்மாள் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து, மோந்துக்கோ கண்ணு என்றாள். மேலே போகப் போகச் சன்னலுக்கு வெளியே எதுவும் இல்லாமல் போயிற்று. வெள்ளை மட்டும். அதற்குள்ளிருந்து எதிர் பஸ்ஸின் விளக்கு வந்து வந்து போனது.

எஸ்டேட் அலுவலகம் தகரக் கூரை போட்ட நீளக் கட்டிடம். மழையில் அதற்குள் யாரும் கத்தாமல் பேச முடியாது. சீலன் சார் இருக்கிறாரா என்று கேட்டேன். உள்ளே ஒரு மேசையிலிருந்து எழுந்து வந்தார். ஒல்லி. ஸ்வெட்டரின் கைகளை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தார். என்னைப் பார்த்த உடனே நின்றார்.

"நீங்க நர்மதாதான? சோறு திங்கறப்பவும் புத்தகம் படிப்பீங்கன்னு சொல்லிருக்கா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், எனக்குப் பின்னால் இன்னும் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வருவது போல.

"அவ அனுப்பிச்சாளா?"

எழவு சொல்லப் போகிறவர்கள் உட்காரக் கூடாது. தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. நின்றபடியே சொல்ல வேண்டும்: இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம். அப்பா அனுப்பிய ஆட்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை அன்று நான் கேட்டிருக்கிறேன். முழு வாக்கியத்தையும் பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். இரண்டாம் பாதிக்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பது வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"யமுனாக்கா தவறிட்டாங்க," என்றேன். அதோடு நின்றது.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"இல்லைங்க," என்றார், கணக்கில் ஒரு தவறைக் காட்டுவது போலப் பொறுமையாக. "போன வாரம் வியாழக்கெழம பேசுனாளே. 'இரு'ன்னா."

"கார்த்திகையில. காய்ச்சல். கோயமுத்தூர்ல."

"கார்த்திகையில," என்றார். விரல்களை மடக்கிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். "அப்ப தெனமும் ஆறு மணிக்கு?"

"நான்தாங்க."

"அந்த 'இரு'?"

"அதுவும் நான்தான்."

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வர்றேன் சார் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் இன்னும் கையிலேயே இருந்தது.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிச்சிட்டேங்க. அவங்க அப்பா எங்க அப்பாகிட்ட இப்ப பேசறதில்ல."

ஏன் இப்படிச் செய்தேன் என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்தது முழுத் தொகுப்பு, பிரவுசரைத் திறந்தால் எல்லாம் தானாகத் திறந்துகொள்ளும், மெஷின் பழையது, எதை வைப்பது என்று முடிவு செய்ய நாளாகிவிட்டது என்றெல்லாம் சொன்னேன். நெடுநேரம் கம்ப்யூட்டரைப் பற்றியே பேசினேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, புரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு கேட்டார். "எல்லாரும் மொகம் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"நான் பாக்கல."

கொழுந்து ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்று, சேறு அடித்து, போயிற்று. அவர் ஸ்வெட்டர் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஞாயிறு. ஆபீஸ் சாவி எங்கிட்டதான் இருக்கும். சாயங்காலம் ஒரே ஒருதரம் தொறங்க. நான் பாத்துக்கறேன். அப்புறம் எடுத்துருங்க."

சரி என்றேன்.

"ஒண்ணும் எழுதிறாதீங்க."

திரும்பும்போது ஒரு குடையை எடுத்து நீட்டினார். வாங்கினால் திருப்பிக் கொடுக்க ஒருமுறை வர வேண்டியிருக்கும். வாங்கவில்லை. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் இறங்கி மழைக்குள் நடந்தேன்.

வீட்டில், நனைந்து வந்ததற்கு அம்மா திட்டினாள். வாங்கின புத்தகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 31, ஞாயிறு

மாலை ஐந்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியை நேராகப் போட்டேன். திரையைத் துடைத்தேன். ஏன் துடைக்கிறேன் என்று தெரிந்தே துடைத்தேன்.

லைன் கிடைத்தது. தொகுப்பு ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டது. பிரவுசர், மெயில், கடைசியில் ஓரத்தில் அந்தச் சின்னச் சன்னல். யமுனா, பச்சைப் புள்ளி, இணைப்பில் இருக்கிறார். கீழே அவர் ஏற்கனவே வந்திருந்தார்.

எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அங்கே தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருக்கும். இங்கே காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. முட்டுக் கொடுத்திருந்த செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

அம்மா வந்து நிற்பதை நான் பார்க்கவில்லை.

"யாரு கண்ணு அது?"

அக்காவின் பெயரைக் காட்டிக் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இரண்டு பச்சைப் புள்ளிகள் இருந்தன, இரண்டாவதைக் காட்டினாள்.

"சொல்லாம உட்ட ஒருத்தரும்மா. நேத்துப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

அம்மா கொஞ்சம் குனிந்து பார்த்தாள். யார், என்ன சாதி, எப்படிப் பழக்கம் என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அதற்கெல்லாம் பதில்களும் தயாராக வைத்திருந்தேன்.

"நேர்ல போயா சொன்ன?"

"நேர்லதான்."

"தண்ணி கிண்ணி குடிச்சியா அங்க?"

"இல்ல."

"செரி." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க."

அப்பா வந்தார். என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள், "மொகம் பாக்க வந்திருக்காங்க."

அவர் புரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எழுதவில்லை. பென்சில் ஒரே ஒரு முறை ஆடி, நின்றுவிட்டது. இரண்டு புள்ளிகள் மட்டும், ஒன்றன் கீழ் ஒன்று. இப்படியே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாளையும் இருக்கலாம். அவர் எடுத்துருங்க என்று சொன்னார்தான், ஆனால் நாளைக்கும் ஒருமுறை என்றால் அவர் மறுக்கமாட்டார்.

வெளியே வெளிச்சம் குறைந்தது. தெரு விளக்கு இன்னும் போடவில்லை.

"போதும் கண்ணு," என்றாள் அம்மா. "இருட்டறதுக்குள்ள எடுத்துரோணும்."

மடியிலிருந்த கையை எடுத்து மவுசின் மேல் வைத்தேன். அது நகரவில்லை. நாற்காலியின் முதுகிலிருந்து அப்பாவின் கை வந்து, மவுசின் மேல் இருந்த என் கையின் மேல் அமர்ந்தது. அவருக்கு எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியாது. பாரம் மட்டும் கொடுத்தார். நான் அம்புக்குறியை மூலைக்குக் கொண்டுபோனேன்.

சன்னல் மூடிக்கொண்டது.

அவருடைய புள்ளி எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, திங்கள்

சம்பத் வந்து பேக்கேஜை எடுத்தார். அதற்கு வெகு நேரம் பிடித்தது. நீலக்கோடு ஒன்று மெல்ல நீண்டுகொண்டே போனது. முடிந்ததும், மெயில் தனியாக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு சின்ன சாப்ட்வேர் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டார். பிரவுசர் மட்டும் போதும் என்றேன்.

கிளம்பும்போது அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, வர்றேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, புதன்

ஆடிப் பெருக்கு. இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் வந்தது. அப்பா வாய்க்கால்வரை நடந்துபோய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அம்மா இன்று கனவு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நூலகத்தில் கணக்கெடுப்பு முடியும்வரை இருந்தேன். வீட்டுக்கு வர ஏழு மணி ஆயிற்று. கம்ப்யூட்டரைத் திறந்தேன். புதிய பிரவுசர் உடனே வந்தது. காலிப் பக்கம், மேலே ஒரு நீளக் கட்டம். கூடவே எதுவும் விழிக்கவில்லை. வலது ஓரம் காலியாக இருந்தது.

வால்பாறையில் இன்று எவ்வளவு மழை என்று மட்டும் பார்த்தேன். சொன்னது. கேட்பது யார் என்று அது கேட்கவில்லை.